மன்னிப்பில் முளைக்கும் கோரை

அடிமை முறை ஒழிந்ததைப் பொறாத தோற்ற படையினர் சிலர், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலே தோற்றுவித்ததே கூ குளுக்ஸ் கிளான் எனும் வெள்ளை மேலாதிக்க இயக்கம். முகமூடிக்குள் மறைந்து அது கறுப்பின மக்களைக் கொன்றது. 1871இல் அதனை ஒடுக்கத் தனிச்சட்டம் பிறந்தது, ஜனாதிபதி கிராண்ட் அதனை உண்மையாகவே பிரயோகித்தார், இயக்கம் ஒடுங்கிற்று. ஆனால் 1877இல் மத்திய அரசு தென் மாநிலங்களைக் கைவிட்டது. சட்டம் ஏட்டிலே உறங்கியது. 1915இல் கிளான் மீண்டும் தலையெடுத்தது. தலையை அறுத்துக் கிழங்கை விட்டால் கோரை என்ன செய்யும் என்பதை நம் வயற்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

அதே 1915இல்தான் கண்டியில் மூண்ட தீ இலங்கை முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தது. நிறம் வேறு, மொழி வேறு, நோய் ஒன்றே.

2014இல் அளுத்கம எரிந்தது. 2018 பெப்ரவரியில், நம் மாவட்டத்தின் தலைநகராம் அம்பாறையில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பிப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. உண்மை வருமுன் நெருப்பு வந்துவிட்டது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. மதப் பகைமையைத் தூண்டுவது குற்றமென 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தின் கீழ் 2019இல் மாதக்கணக்கில் சிறையிருந்தவர் யார்? சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார! பொது பல சேனாவின் ஞானசார தேரரோ, நீதிமன்ற அவமதிப்புக்குப் பெற்ற தண்டனையிலிருந்து அவ்வாண்டே ஜனாதிபதியின் மன்னிப்பால் வெளிவந்தார். 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவரானார். இஸ்லாத்தை நிந்தித்ததற்காக 2024இலும் 2025இலும் நீதிமன்றங்கள் அவருக்குச் சிறை விதித்தன. நீதிமன்றம் தன் கடனைச் செய்கிறது. வழுக்குவது ஆட்சியின் கையே. அமெரிக்காவிலும் 2025 ஜனவரியில், 22 ஆண்டுச் சிறை பெற்ற பிரவுட் பாய்ஸ் தலைவர் ஜனாதிபதி மன்னிப்பால் வீடு திரும்பினார்.

அளவுகோல் நமக்கும் ஒன்றே. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களைக் குருதியாக்கிய ஸஹ்ரான் கூட்டம் நம் சமூகத்திலிருந்தே எழுந்தது. அயலூராம் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தோரைப் பொலிஸாருக்கு அறிவித்தவர்களும் அவ்வூர் மக்களே. அந்த நேர்மையோடுதான் நாம் அரசைக் கேட்கிறோம்: புதுச்சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டத்தை, காவியுடை, தொப்பி என்று பாராது எல்லோர்மேலும் ஒன்றாய்ச் செலுத்துங்கள். பகைமையை விதைத்தவனுக்கு மன்னிப்பும் பதவியும் அளிப்பது கோரைக்கு நீர் பாய்ச்சுவதாகும்.