சிறைக்கூடம் ஓட்டலாகாமல் தப்பியது

போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் நகருக்கு வடக்கே அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பெனிஷ் என்ற சிற்றூர், மத்தி மீனுக்கும் அலைக்கும் பேர்போனது. ஒரு காலத்தில் தீவாக இருந்து, மணல் சேர்ந்து சேர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்ட ஊர் இது. இங்குள்ள 'சூப்பர்டூபோஸ்' கடற்கரையில் குழாய்போலச் சுருளும் அலைகளில் பலகையேறிச் சறுக்க உலகெங்குமிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஊரின் பழைய கோட்டைக்குள் எட்டிப் பார்க்கிறார்களோ!

பார்க்க வேண்டிய கோட்டைதான் அது. சர்வாதிகாரி சலாஸாரும், அவருக்குப் பின் வந்தவர்களும் 1934 முதல் 1974 வரை அரசியல் எதிரிகளை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். மதிலுக்குக் கீழே கடல். கைதி தப்ப வழியில்லை என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் மண்ணைத் தூவிவிட்டு, 1960 ஜனவரி 3-ந் தேதி கம்யூனிஸ்டு தலைவர் அல்வாரோ குன்யால் உள்பட பத்துப் பேர் மதிலிறங்கித் தப்பினார்கள். ஒத்தாசை செய்தவர் காவலரில் ஒருவரே!

இந்தக் கோட்டையோடு நம் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. கோவா விடுதலை இயக்கத்தின் முன்னோடி டி.பி. குன்ஹா 1946-ல் கைதானார். ராணுவ நீதிமன்றம் எட்டாண்டுத் தண்டனை விதித்தது. அவரைக் கொண்டுபோய் அடைத்தது பெனிஷ் கோட்டையில்தான். (பெயர் ஒற்றுமையால் குன்யாலையும் குன்ஹாவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெளியே விட்ட பிறகும் நாடு திரும்ப அனுமதியில்லை. 1953-ல் பாரிசுக்குத் தப்பி, பிறகு பம்பாய் வந்து சேர்ந்தார். 1958-ல் காலமானார். 1961 டிசம்பரில் கோவா விடுதலையானதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இத்தகைய இடத்தை ஓட்டல் நடத்தத் தனியாருக்குக் கொடுக்கலாம் என்று 2016-ல் போர்ச்சுகல் அரசு யோசித்தது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கப் பணமில்லை, ஓட்டல் வந்தால் உள்ளூரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்பது வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பாழடைந்த அரண்மனைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தனிமையில் வாடிய அறைக்கு இரவு வாடகை நிர்ணயிப்பது எப்படி நியாயமாகும்? அங்கே அடைபட்டவரின் பேரன், பணமில்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதானா? முன்னாள் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள், அரசு பின்வாங்கியது. 2024 ஏப்ரல் 27-ந் தேதி, கைதிகள் விடுதலையான ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளில், கோட்டை தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

மக்கள் குரலுக்கு மதிப்பளித்து அரசு முடிவை மாற்றிக்கொண்டது பாராட்டுக்குரியது. இனி நம்மவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குன்ஹாவையும், அவரைப்போல் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மற்ற கோவா வீரர்களையும் பற்றிய சிறைக் குறிப்புகளும் போலீஸ் கோப்புகளும் அந்நாட்டு ஆவணக் காப்பகங்களில் எங்கெங்கே இருந்தாலும் தேடி, அவற்றின் பிரதிகளைப் பனாஜிக்குக் கொண்டுவர கோவா அரசும் லிஸ்பனிலுள்ள நமது தூதரகமும் முயல வேண்டும்.