தாம்பூலப் பையும் தையல் பாடமும்

நவராத்திரி வந்தால் மைசூரில் அரண்மனை மட்டுமல்ல, வீடுகளும் களை கட்டிவிடுகின்றன. கன்னடர் வீடுகளில் ‘கொம்பெ ஹப்ப’, தமிழர் வீடுகளில் கொலு. பெயர்தான் வேறு. பார்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது இரு வீட்டுக்கும் பொது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துண்டு எல்லாம் தயார். எதில் போட்டுக் கொடுப்பது?

2016-ல் தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களில் முதலிடம் பிடித்த ஊர் மைசூர். அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஆனால் தடைக்குப் பயந்து கடைக்காரர்கள் நீட்டுகிற ‘துணிப் பை’களில் பல, துணியே அல்ல. நெய்யாத, அழுத்தி ஒட்டிய அந்தப் பைகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீயில் காட்டினால் குட்டு வெளிப்படும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு கெட்டியாகும்.

பையை வீட்டிலேயே தைத்துவிட்டால் இந்தச் சந்தேகமே இல்லை. தையல் பழக இதைவிட நல்ல பாடமும் இல்லை. ரவிக்கையில் அரை அங்குலம் தவறினால் துணி போச்சு, கூடவே பழகுபவரின் தைரியமும் போச்சு. பையில் தவறினால் பை கொஞ்சம் சிறுத்துவிடும், அவ்வளவுதான்.

காலால் மிதிக்கும் மிஷினில் முதல் சில நாட்கள் நூல் கோக்காமல், கோடு போட்ட காகிதத்தில் ஓட்டிப் பழகுவது வழக்கம். சக்கரம் பின்னோக்கிச் சுற்றாமல் கால் பழகிய பிறகுதான் துணி. 10 அங்குல அகலம், 24 அங்குல நீளம் போதும். புதுப் பருத்தித் துணியானால் நனைத்துக் காய வைத்தே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கிவிடும். நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேலே இரண்டரை அங்குலம் விட்டு, அரை அங்குல உள்தள்ளலில் இரு பக்கமும் தைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டால் தேங்காய்க் கனத்துக்குத் தையல் பிரியாது. வாய்ப்புறத்தை முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் நாடா ஓட இடம் கிடைக்கும். ஊக்கில் நாடாவை மாட்டி நுழைத்துப் பையைத் திருப்பினால், பாட்டி இடுப்பில் செருகிய சுருக்குப் பையின் பெரிய தங்கை தயார். அகலம் 9 அங்குலம், உயரம் பத்தரை. நேர்த்தையல், மூலை திருப்புதல், ஓரம் மடித்தல் மூன்றும் இந்த ஒரு பைக்குள் வந்துவிடுகின்றன. அடுத்தது தலையணை உறை, அதற்கடுத்து பாவாடை.

யந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தியே 1924-ல் ஒரு உரையாடலில் சிங்கர் தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். வீட்டுப் பெண்ணின் அலுப்பைக் குறைக்கும் யந்திரம் என்பது அவருடைய நியாயம்.

ஆனால் துணி என்றாலே புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். பருத்தி விளையவும் சாயம் ஏறவும் தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால், புதுப் பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 தடவை. பை நவராத்திரிக்கு மட்டும் வெளியே வந்து, ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு கைமாறினால் ஆறு வருஷத்தில் 54 ஆகிவிடும். 7,100-ஐ எட்ட 789 வருஷம்!

ஆகவே கடைக்குப் போய்ப் புதுத் துணி கிழிக்க வேண்டாம். நைந்த முந்தானையை ஒதுக்கிவிட்டு உறுதியாக இருக்கிற பழைய புடவையின் உடல் பகுதி, திரைச்சீலை, தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத்துண்டு இவை போதும். அவற்றுக்கான பருத்தி என்றோ விளைந்து முடிந்துவிட்டது. புதுச் செலவு நூலும் உழைப்பும்தான்.

அந்த உழைப்புக்கு விலை உண்டா என்பதுதான் சங்கடமான கேள்வி. அரை மணி நேரம் உட்கார்ந்து தைத்த பையை, அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக் பையின் விலைக்கே கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு நூறு பை வேண்டும் என்று வருகிறவர்கள் பட்டுப் புடவைக்குப் பேரம் பேசுவதில்லை, பைக்குப் பேசுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இப்போதுதான் தைக்கப் பழகியவருக்குக் கேட்ட கூலியைக் கொடுத்தால், தாம்பூலத்தோடு கூட ஒரு பிழைப்பும் கைமாறும்.

பாத்திரத்தில் பலகாரம் வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். பைக்கும் அந்த மரியாதை கிடைக்கட்டும். வந்த பை அலமாரியில் தூங்காமல், அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போகட்டும்.