புறங்கையில் ஒரு நீல மூடி



நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். உம்மம்மாவின் புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டி, நடுவில் சின்னதாக ஒரு நீல மூடி தெரிகிறது. அடுத்த கட்டிலில் இருப்பவருக்குப் பச்சை. போன மாதம் மருமகள் பிரசவத்துக்குப் போனபோது சாம்பல் நிறம். "எங்கட ஆளுக்கு மட்டும் ஏன் சின்னதாப் போட்டிருக்கு?" என்று தாதியிடம் வாக்குவாதத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தச் சின்னப் பொருளின் பெயர் கெனுலா. அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் வாக்குவாதமும் குறையும், சில வேளை ஆபத்தும் குறையும்.

முதலில் ஒரு பயத்தை நீக்கி விடுகிறேன். கைக்குள் ஊசி இருக்கிறது, அசைத்தால் குத்தி விடும் என்று பல நோயாளிகள் கையை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். உள்ளே ஊசி இல்லை. ஏற்றும்போது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்கு நடுவில் ஓர் ஊசி இருக்கும். இரத்தக் குழாய்க்குள் போனதும், பின்பக்கத்திலுள்ள சிறு கூட்டில் இரத்தம் தெரியும். உடனே குழாயை முன்னே தள்ளி ஊசியை உருவி எறிந்து விடுவார்கள். வளைந்து கொடுக்கும் குழாய் மட்டும்தான் உள்ளே மிஞ்சுகிறது. விரல்களைத் தாராளமாக அசைக்கலாம். முழங்கை மடிப்பிலோ மணிக்கட்டிலோ போட்டிருந்தால் மட்டும் அதிகம் மடக்காமல் இருப்பது நல்லது. மடங்கினால் ஓட்டம் நின்று விடும்.

இனி நிறங்களுக்கு வருவோம். கெனுலாவின் பருமனை 'கேஜ்' என்ற எண்ணால் சொல்வார்கள். இது தலைகீழ்க் கணக்கு. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். 14 செம்மஞ்சள், 16 சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள், 26 ஊதா. இந்த நிறங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். கொழும்பிலும் ரியாத்திலும் பச்சை என்றால் 18தான்.

பருமனில் சிறு வித்தியாசம், ஓட்டத்தில் பெரிய வித்தியாசம். கிணற்று மோட்டருக்குப் பைப் பூட்டியவர்களுக்கு இது தெரியும். குழாயின் உள்வட்டம் இரண்டு மடங்கானால், ஓட்டம் கணக்குப்படி பதினாறு மடங்காகிறது. மஞ்சள் கெனுலாவால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் போகும். நீலத்தால் 35, இளஞ்சிவப்பால் 60, பச்சையால் 90 அளவில். சாம்பல் நிறத்தால் 180 வரை போகும். செம்மஞ்சள் 250ஐத் தொடும். தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறினாலும் ஒழுங்கு இதுதான்.

அப்படியானால் எல்லோருக்கும் பெரியதையே போட்டால் என்ன? உம்மம்மாவின் கை நாளம் நூல் மாதிரி மெலிந்து, தொட்டாலே நழுவும். அதற்குள் பச்சையைத் திணித்தால் நாளம் வெடித்துக் கை கறுத்து வீங்கும். அவருக்கு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மருந்து ஏற்றுவதற்கு நீலமே போதும். குழந்தைகளுக்கு மஞ்சள், பிறந்த சிசுவுக்கு மஞ்சள் அல்லது ஊதா. பெரியவர்களுக்குச் சாதாரணமாக மருந்தும் சேலைனும் ஏற்ற இளஞ்சிவப்பு. இரத்தம் ஏற்றவும் சத்திரசிகிச்சைக்கும் பெரும்பாலும் பச்சை. மகப்பேற்று விடுதியின் கதை வேறு. பிள்ளை பிறந்த பின் இரத்தப்போக்கு ஏற்பட்டால் சில நிமிடங்களிலேயே தாயின் நிலைமை மாறி விடும். அந்த நேரத்தில் இரண்டு கையிலும் சாம்பல் நிறமோ செம்மஞ்சளோ போட்டு, இரண்டு பக்கமும் திறந்து விடுவார்கள். மருமகளுக்குப் பருமனானதைப் போட்டார்களே என்று முகம் சுளித்த மாமிமார், அது அவளுடைய உயிருக்கான முன்னேற்பாடு என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நம்முடைய மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் கடுமையான நோயாளியைத் திருகோணமலைக்கு அனுப்பும்போது, அம்புலன்ஸ் புறப்படுமுன் கெனுலா போட்டுவிட்டே அனுப்புவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை தோணித்துறையில் பாதைக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரத்தம் குறைந்து உடல் குளிர்ந்து போனால் நாளங்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு தேடினாலும் அகப்படாது. வழி திறந்திருக்கும்போதே ஒரு குழாயை வைத்து விடுவது அதற்காகத்தான்.

2017ஐ நாம் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி, பாடசாலைகளைக்கூட மூட வேண்டி வந்தது. அவ்வாண்டில் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் வஃபாத்தானார்கள். டெங்குவில் அதிகம் கேட்கும் வார்த்தை, "சேலைன் ஏத்தச் சொல்லுங்க" என்பதுதான். அன்புச் சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நாம் பிழை விடுகிறோம்.

டெங்குவின் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் ஆரம்பிக்கிறது. இரத்தக் குழாய்களின் சுவர் ஓட்டைச் சல்லடை மாதிரியாகி, இரத்தத்திலுள்ள நீர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கசியும். ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று, அதே நீர் திரும்பவும் இரத்தத்துக்குள் வரும். குறைவாக ஏற்றினால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். அதிகமாக ஏற்றினால், கசிந்த நீரும் ஏற்றிய நீரும் சேர்ந்து நுரையீரலை நிரப்பி மூச்சை அடைக்கும். ஆகவேதான் நமது நாட்டு வைத்தியர்கள் நிறையைப் பார்த்து அளவு போடுகிறார்கள். 50 கிலோ உள்ளவருக்கு அந்த 48 மணித்தியாலக் கண்டத்தில் வழிகாட்டும் அளவு 4600 மில்லிலீற்றர். அதில் அவர் வாயால் குடிக்கும் கஞ்சியும் இளநீரும் அடங்கும். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று தாதி திரும்பத் திரும்பக் கேட்பதும் எழுதுவதும் இதற்காக. நீங்கள் பார்வை நேரத்தில் கொண்டு போய் இரகசியமாகக் குடிக்கக் கொடுக்கும் இரண்டு போத்தல் ஜூஸ் அந்தக் கணக்கைக் குழப்பி விடும்.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று. சேலைன் குழாயில் சின்னச் சில்லு ஒன்று உண்டு. அதை உருட்டினால் ஓட்டம் கூடும், குறையும். "சொட்டுச் சொட்டாப் போகுது, எப்ப முடியிறது?" என்று நோயாளியின் நானாவோ சாச்சியோ அதைத் திருகி விடுவதைப் பார்த்திருக்கிறேன். மணித்தியாலக் கணக்கில் போக வேண்டியது சில நிமிடங்களில் உள்ளே போய் விடும். டெங்கு நோயாளிக்கும் இருதய, சிறுநீரக நோயாளிக்கும் இது உயிர் ஆபத்து. அந்தச் சில்லில் கை வைக்காதீர்கள்.

சேலைனில் சத்து இருக்கிறது என்ற நம்பிக்கையும் நமக்கு விட்டபாடில்லை. அரை லீற்றர் சேலைனில் இருப்பது நாலரை கிராம் உப்பு, மிச்சமெல்லாம் தண்ணீர். "குளுக்கோஸ் போத்தல்" என்கிறோமே, அரை லீற்றர் ஐந்து வீத டெக்ஸ்ட்ரோஸில் 25 கிராம் சீனிச் சத்து, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. 1832இல் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாற்றா என்ற வைத்தியர் கொலரா நோயாளிகளின் நாளத்தில் உப்பு நீரைச் செலுத்தியது, அவர்கள் வயிற்றோட்டத்தில் நீர் வற்றிச் சாகும் தறுவாயில் இருந்தபடியால். வாயால் குடிக்க முடிந்தவருக்குக் காசு கொடுத்து அதை ஏற்றுவதில் எந்த நன்மையும் கிடையாது. ஊசிக் காயம்தான் மிச்சம்.

கெனுலா போட்ட இடத்தைப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலையும்தான். அந்த இடம் சிவந்தால், சூடானால், நோவெடுத்தால், நாளம் கயிறு மாதிரி தடித்தால், கை வீங்கினால், பிளாஸ்டருக்கடியில் ஈரம் கசிந்தால் உடனே சொல்லுங்கள். முன்பு மூன்று நான்கு நாளைக்கொரு தடவை கட்டாயம் மாற்றினார்கள். இப்போது பல இடங்களில், நன்றாக இருந்தால் விட்டு வைக்கிறார்கள். கெட்டால் அந்த நிமிடமே கழற்றுகிறார்கள். தூங்கும் குழந்தை தன் கை வீங்குவதைச் சொல்லாது. போர்வையை விலக்கிப் பாருங்கள். டயலிசிஸ் செய்பவர் அல்லது செய்யப் போகிறவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்தக் கையில் குத்தக் கூடாது என்பதை முதலிலேயே வாய் திறந்து சொல்லி விடுங்கள்.

பலரும் கேட்பது வுழூவைப் பற்றி. கெனுலா இருக்கும் கையைத் தண்ணீரில் நனைத்தால் பிளாஸ்டர் ஊறிக் கிருமி நுழையும். காயக் கட்டின் மேல் மஸ்ஹு செய்யவும் தயம்மும் செய்யவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. செய்யும் முறையை உங்கள் மௌலவியிடம் கேட்டுக் கொள்ளுங்கள். தொழுகையை விட்டு விடாதீர்கள். நோன்பைப் பொறுத்தவரை, 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நாளத்தில் போடும் மருந்து ஊசி நோன்பை முறிக்காது என்றும், ஊட்டத்துக்காக ஏற்றும் திரவங்கள் அதில் சேராது என்றும் தீர்மானித்தது. ஆனால் சேலைன் தேவைப்படும் அளவுக்கு நோயுற்றவர் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய அனுமதி பெற்றவர்தானே!

துண்டு வெட்டிய சந்தோஷத்தில் கெனுலாவோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, பிறகு கத்தரிக்கோலைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டக் கூடாது. குழாய்த் துண்டு நாளத்துக்குள் போய் விடக்கூடும். திரும்பப் போய்க் கழற்றிக் கொள்ளுங்கள். கழற்றியதும் பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்த வேண்டும்.