ஒரு சொட்டு எண்ணெய்

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருந்தெரு எமது கரடியனாற்றினூடாகவே செல்கின்றது. இங்கு துவிச்சக்கர வண்டி மிதிப்போருக்கு ஏற்ற இறக்கங்கள் பெருந் தொல்லையல்ல. திடீரெனக் குறுக்கிடும் மாடுகளே தொல்லை. ஆதலால், வண்டி விரைந்து ஓடுவதினும் வேண்டிய இடத்தில் நிற்பதே முக்கியம். இதனை நாம் எமது தவறொன்றினாலேயே கற்றுக்கொண்டோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எம் மருமகனுக்குப் புதுமாதிரி வண்டியொன்றைப் பரிசளித்தார். சில்லின் விளிம்பை றப்பர்க் கட்டைகள் கவ்வும் பழைய முறை அதில் இல்லை. சில்லின் நடுவே சுழலும் உருக்குத் தட்டினை இரு கட்டைகள் கவ்வுகின்றன. அவற்றைத் தள்ளுவது கம்பியன்று. குழாயினுள் அடைபட்ட எண்ணெய். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்பது மாணவர் அறிந்த பஸ்காலின் விதி. அவர் மறைந்தபின், 1663ஆம் ஆண்டில் வெளியான நூல் அதனை விளக்குகின்றது. பிடியருகேயுள்ள சிறு பிஸ்டனின் அமுக்கம், சில்லருகேயுள்ள பெரிய பிஸ்டன்களிற் பன்மடங்கு விசையாகின்றது.

கல்லூரியில் இவ்விதியைக் கற்பிக்கும் நாமே அறிவிழந்தோம். மாரிச் சேறு படிந்து பிறேக் கிறீச்சிட்டபோது, கதவுக் கீலுக்கு எண்ணெய் இட்டுப் பழகிய கை, தட்டிலும் ஒரு சொட்டு விட்டது. ஓசை அடங்கியது. அன்று மாலையே கன்றொன்று குறுக்கிட, மருமகன் பிடியை முற்றாக அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. பற்றைக்குள் விழுந்து, சிராய்த்த முழங்காலுடன் வந்தவன், தான் பிடித்த முறையே பிழையென்று தன்னை நொந்துகொண்டான். பிழை எம்முடையது என்று வாய் திறந்து சொல்ல எமக்குச் சற்று நேரம் சென்றது.

மறுநாள் திருத்தத் தொடங்கினோம். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த தூய துணியால் துடைக்க, தட்டு சுத்தமாயிற்று. கட்டைகளோ எண்ணெயை உறிஞ்சிவிட்டன. அரத்தாளால் தேய்த்தும் பயனில்லை. புதியவற்றைக் கொழும்பிலிருந்து தருவிக்கும்வரை மருமகன் நடந்தே பாடசாலை சென்றான்.

இதற்கிடையில் இன்னொரு தவறும் நேர்ந்தது. சில்லைக் கழற்றி வைத்திருந்தவேளை பிடியை அழுத்திவிட்டோம். இடையில் தட்டு இல்லாமையால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டயர் கழற்றும் தட்டையான பிளாஸ்திக் நெம்பினால் மெல்ல விரிக்க, பிஸ்டன்கள் பின்வாங்கின. இரும்புத் திருப்புளியால் நெம்பியிருந்தால் பிஸ்டன் வெடித்திருக்கலாம்.

பிடி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயினுள் காற்றுப் புகுந்துள்ளது என்பது பொருள். எண்ணெய் சுருங்காது, காற்றுச் சுருங்கும், கையின் விசை அங்கேயே வீணாகும். புதிய எண்ணெயைச் செலுத்தி, குமிழிகள் முற்றாக வெளியேறும்வரை பொறுமையுடன் செய்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெருந்தவறு எண்ணெயை மாற்றி ஊற்றுவது. சில பிறேக்குகளுக்குக் கனிய எண்ணெய். சிலவற்றுக்கு டொட் எனப்படும் திரவம். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் கெடும். எண்ணெயை வடித்துவிட்டால் போதாது. வளையங்களையும் மாற்ற வேண்டும். இயலாவிடின் பிறேக்கையே மாற்ற வேண்டும். டொட் திரவமோ காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. டொட் 4 வகை புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமற் கொதிக்கும். ஈரம் ஏறினால் அவ்வெல்லை 155 பாகையளவுக்கு இறங்கும். சமதரையில் இக்குறை தெரியாது. இதே தெருவில் லுணுகலைப் பக்கத்து மலையிறக்கத்தில், கட்டைகள் சூடேறித் திரவம் ஆவியாகுங்கால் தெரியும். அப்பொழுது தெரிந்து பயனென்ன?

புதிய கட்டைகள் வந்ததும், ஆளில்லாத் தெருவில் மிதமான வேகத்தில் ஓட்டி, சில்லு இறுகாமல் இருபது தடவையளவில் வேகம் தணித்துப் பழக்கினோம். அதன்பின்னரே அவை நன்கு பற்றின.

ஓசையை அடக்குவது வேறு, குறையை நீக்குவது வேறு. கிறீச்சொலி எமக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதன் வாயை நாம் எண்ணெயால் அடைத்தோம். இப்பொழுது மருமகன் புறப்படுமுன் முற்றத்திலேயே வண்டியைத் தள்ளி, பிறேக்கைப் பிடித்துப் பார்க்கின்றான். நாம் சோதித்துக் கொடுத்தாலும் மறுபடி சோதிக்கின்றான். அதில் எமக்கு வருத்தமில்லை.