அடித்தல் திருத்தலுக்கும் மதிப்பெண்

'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985-இல் வெளிவந்த வீடியோ விளையாட்டு. அதை உருவாக்கிய மியாமோட்டோவும் தெசுகாவும் 2015-இல் தம் பழைய கட்டத்தாள் வரைபடங்களைக் காட்டி அந்நாளை நினைவுகூர்ந்தனர். சில புள்ளிகளுக்குள் வாய் வரைய முடியாததால்தான் மாரியோவுக்கு மீசை வந்ததாம்!

எங்கள் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனோ, தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு முழங்கையால் அழித்தார். நோட்டில் ஏறியது விடை மட்டுமே. வழியைக் கண்டறியக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தனர்.

நம்மிடம் தாள் இருக்கிறது. ஆயினும் ஆய்வகத்தில் அழகாகப் படியெடுத்த ரெக்கார்டு நோட்டுக்கே மதிப்பெண் தருகிறோம் (நானுந்தான்). அப்சர்வேஷன் நோட்டுக்கும் தரவேண்டும் என்பேன். தனி ஊசலில் 9.8-க்குப் பதில் 10.9 வந்ததா? அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஊசலை விட்டதுமே 'ஒன்று' என எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். நீங்கள் எண்ணிய 20 அலைவுகள் உண்மையில் 19.