பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய்!

பத்து ரூபாயைக் கொடுத்து பத்து ரூபாய் வாங்குவதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் என்று கேட்பீர்கள். 1969-ல் இருந்தது!

அது காந்தி நூற்றாண்டு வருஷம். மத்திய அரசு காந்தி தலை போட்டு 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் என்று நாலு காசு வெளியிட்டது. பத்து ரூபாய் மட்டும் வெள்ளி. எடை 15 கிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 12 கிராம், சுத்த வெள்ளி. விலை பத்தே ரூபாய். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை!

அரசாங்கம் தர்மம் பண்ணிவிட்டதாக உருக வேண்டாம். அன்றைய வெள்ளி விலைக்கு அந்த 12 கிராம் பத்து ரூபாய்க்குள் அடங்கியது. மிச்சம் கஜானாவுக்கு லாபம். காசுக்குள் இருக்கிற சரக்கு, காசில் எழுதியிருக்கிற தொகையைவிட மலிவாக இருக்கும் வரைதான் இந்த வியாபாரம் ஓடும். சரக்கு விலை ஏறினால் என்ன செய்வார்கள்? நம் ஓட்டல்காரர் இட்லிக்குச் செய்வதைத்தான். விலையை அப்படியே வைத்து சைஸைக் குறைப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1972-ல் சுதந்திர வெள்ளி விழா. பத்து ரூபாய்க் காசு 22.5 கிராம். பார்த்தால் பெரிசு, ஆனால் வெள்ளி பாதிதான். சுத்த வெள்ளி 11 கிராம் சொச்சம். 1973-ல் இருபது ரூபாய்க் காசு வந்தது. 30 கிராமில் பாதி வெள்ளி. பத்து ரூபாய்க்கு ஏழரை கிராம் என்று ஆயிற்று. 1974-ல் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக ஒரு காசு போட்டார்கள். அந்தப் பத்து ரூபாயில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். வெள்ளி வேண்டுமா, ஐம்பது ரூபாய்க் காசை வாங்கு! குடும்பத்தோடு வெள்ளியையும் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

இது புது வித்தை இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. யுத்தம் வந்ததும் 1940-ல் அதைப் பாதியாக்கினான். 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

ஜெர்மனியிலும் இதே கதை. 1979-ல் விஞ்ஞானி ஓட்டோ ஹான் நினைவாக ஐந்து மார்க் வெள்ளிக் காசு அடிக்கத் திட்டம். வெள்ளி விலை எகிறியதும், செம்பு-நிக்கலில் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

* * *

இப்போது நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் வெங்காய மண்டியில் கணக்கு எழுதும் என் நண்பர் ஒருவரிடம், அவர் அப்பா வைத்துவிட்டுப் போன காந்தி காசு ஒன்று இருக்கிறது. போன மாசம் மூச்சிரைக்க வந்தார்.

"மாப்ளே, இந்தக் காசுக்கு ஒரு லட்சம் தர்றேன்னு போன்ல ஒருத்தன் சொல்றான். முதல்ல ரெண்டாயிரத்து ஐநூறு பதிவுக் கட்டணம் கட்டணுமாம்."

"லட்சம் குடுக்கிறவன் அதுல ரெண்டாயிரத்து ஐநூறைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுக்கலாம்ல?"

"அட, ஆமால்ல!"

ஆமால்லதான். பழைய காசு, நோட்டு வாங்குகிறோம் என்று சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் பாங்க்கே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆனாலும் வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயைத் தேடி உண்டியலை உடைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியானால் காந்தி காசு என்ன பெறும்? ஒரு காசுக்கு மூன்று விலை உண்டு. முதலாவது, அதில் எழுதியிருப்பது. பத்து ரூபாய், ஒரு டீ. இரண்டாவது, உள்ளே இருக்கும் வெள்ளி. 2025 அக்டோபரில் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஒன்றரை லட்சம் என்றே வைத்தாலும் 12 கிராம் 1,800 ரூபாய். மூன்றாவது, சேகரிப்பவர் ஆசைப்பட்டுத் தருவது. இந்தக் காசை லட்சக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். அபூர்வம் என்று மாலை போட முடியாது.

பத்து ரூபாய் 1,800 ஆகிவிட்டதே என்று வாயைப் பிளக்காதீர்கள். 56 வருஷத்துக்குக் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். பி.காம். படித்ததற்கு இதற்காவது உதவட்டும். வருஷத்துக்கு 9.7 சதவிகிதம். நல்ல வட்டிதான், லாட்டரி இல்லை.

* * *

முகமதிப்புக்கு வெள்ளி கிடைத்த காலம் போயே போச்சு. 2023-ல் புதிய பார்லிமென்ட் திறப்புக்கு 75 ரூபாய்க் காசு வந்தது. 2024-ல் கலைஞர் நூற்றாண்டுக்கு 100 ரூபாய்க் காசு. இரண்டும் 35 கிராம். பாதி வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். மேலே போட்ட அதே விலைக்கு வெள்ளி மட்டுமே 2,600 ரூபாய்க்கு மேல். இதை 75 ரூபாய்க்கு விற்றால் நாணயச் சாலை வாசலில் பழனி தைப்பூசக் கூட்டம் நிற்கும்! அதனால் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். காசில் போட்டிருக்கும் தொகை இப்போது அலங்காரம்தான்.

வாங்காதே என்று சொல்லவில்லை. ஆசை இருந்தால் வாங்குங்கள். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடை என்ன, நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி? பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் ஆசைக்கு நீங்கள் கட்டும் வரி. சம்பளத்தில் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய வெள்ளிக் காசு இருந்தால் இரண்டு காரியம் செய்யாதீர்கள். உருக்காதீர்கள். அரசாங்கக் காசை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம். விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது அழகு. காசில் கீறல் விழுந்தால் சேகரிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நண்பர் காசை விற்கவில்லை. "அப்பா தொட்ட காசு, இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துவிட்டார். போன்காரனுக்குக் கட்ட இருந்த பணத்தில் நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கினார். அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கையில் தூக்கினால் கனமும் இருக்கிறது. பேரம் பேசியும் காசில் போட்டிருக்கும் விலைக்கு அது கிடைக்கவில்லையாம்!