பாஸ்டன் போலீஸ்காரர்கள் கேட்டதும், கிடைத்ததும்

ஆலை வாசலில் தடியோடு நிற்கிற போலீஸ்காரரை நமக்குத் தெரியும். அவரே சங்கம் வைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1919-ல் அது நடந்தது.

அந்த நகரப் போலீசுக்குச் சம்பளம் கொடுத்தது நகர மக்களின் வரிப்பணம். ஆனால் போலீஸ் கமிஷனரை நியமித்தவர் மேயர் அல்ல, மாகாணக் கவர்னர். ஐரிஷ் ஏழைகளின் ஓட்டு நகரத்தில் வலுத்துவிட்டது; போலீசும் அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று மேட்டுக்குடியினர் 1885-லேயே அதிகாரத்தை மாகாணத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பணம் கொடுப்பவன் ஒருவன், சாட்டை பிடிப்பவன் இன்னொருவன்!

பகல் டூட்டிக்காரருக்கு வாரம் 73 மணி வேலை. இரவு டூட்டிக்காரருக்கு 83 மணி. உடுப்பைக்கூடச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஸ்டேஷனில் எலியும் மூட்டைப்பூச்சியும். உலகப் போரால் விலைவாசி எகிறியது; சம்பளம் அதற்கு ஈடாக ஏறவில்லை. ஆகஸ்டில் அவர்கள் சங்கம் அமைத்து, அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தார்கள். கமிஷனர் கர்ட்டிஸ் 19 பேரை சஸ்பெண்ட் செய்தார். மேயர் அமைத்த குழு சமரசம் சொன்னது: சம்மேளனத்தை விட்டு விலகட்டும், தனிச் சங்கம் இருக்கட்டும், பழிவாங்கல் வேண்டாம். கமிஷனர் அதையும் உதறித் தள்ளினார்.

செப்டம்பர் 9 மாலை 1,544 பேரில் 1,117 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணப் படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. மூன்றே நாளில், வேலைக்குத் திரும்பத் தயார் என்றார்கள். கர்ட்டிஸ் மறுத்தார். கவர்னர் கூலிட்ஜ் அவர் பக்கம் நின்றார்.

மற்றச் சங்கங்கள் பொது வேலை நிறுத்தம் பற்றிப் பேசின, செய்யவில்லை. அந்த ஆண்டு மே தினத்தில்தான் இதே போலீஸ் சோஷலிஸ்ட் ஊர்வலத்தின் மீது தடியைப் பிரயோகித்திருந்தது. அந்த அடியை மறக்கும்படி யாரிடமும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் அடித்தவருக்குச் சங்கம் இல்லாமற் போனதால் அடி வாங்கியவருக்கு என்ன லாபம்?

இனித்தான் விஷயம் இருக்கிறது, தோழர்களே. வேலை நிறுத்தம் செய்த அத்தனை பேரும் நீக்கப்பட்டார்கள். போரிலிருந்து திரும்பி வேலையின்றி நின்ற சிப்பாய்களைப் புதிதாக எடுத்தார்கள். அவர்களுக்கு அதிகச் சம்பளம், கூடுதல் விடுமுறை, இலவச உடுப்பு! பழையவர்கள் கேட்டது இவ்வளவுதானே? அப்படியானால் கஜானாவில் பணம் இல்லாமலா மறுத்தார்கள்? பணத்தைக் கொடுக்கத் துணிந்தவர்கள், சங்கத்தைத்தான் கொடுக்கத் துணியவில்லை.

கூலிட்ஜுக்கு இதுவே ஏணியாயிற்று. 1923-ல் அவர் ஜனாதிபதி. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்படவே இல்லை. கமிஷனரை நியமிக்கும் உரிமை பாஸ்டன் மேயருக்குத் திரும்பக் கிடைத்தது 1962-ல். போலீஸ்காரர்களின் புதிய சங்கம் பிறந்தது 1965-ல். அதற்கு அடுத்த ஆண்டு நம் நாட்டில் பார்லிமென்ட் ஒரு சட்டம் செய்தது: அனுமதியின்றிப் போலீஸ்காரர் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேரக் கூடாது.